வலிப்புக்கு முந்திய நிமிடம்

அக்கா,

இன்று காலை பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உணவங்காடிக்குப் போயிருந்தேன். சைவ பீஹூன் என்ற அரிசிச் சேமியா விற்கும் சீனப் பெண்மணி புதிதாக ஒரு ஜாடியைத் திறந்து, வினிகரில் ஊறிய பச்சை மிளகாயைக் கரண்டியால் அள்ளித் தட்டோரம் வைத்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் தட்டை மேசையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், "ஆண்ட்டி, ஓகே லா?" என்று கேட்டார். "ஓகே, ஓகே" என்றேன். உண்மையாகவே எனக்கு ஒன்றுமில்லை. நம் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடித் தொட்டியைத் திறந்தால் வருமே, வினிகரின் புளிப்பும் சாராயக் காரமும் கலந்த நெடி, அதுதான் வந்தது. வேலைக்குப் போன காலத்தில் அந்த நெடி என் சேலையில் ஏறி, தலைமுடியில் ஏறி, கேர்பாவ் ரோட்டில் எங்கள் வீட்டு மாடிப்படியில் கால் வைக்கும்போதே நான் வருவது அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் அண்ணன் மகள் போன மாதம் பெர்த்திலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னாள். நிறைந்த வயது, நோகாத முடிவு என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். அன்று எனக்கு அழுகை வரவில்லை. இன்று பீஹூன் தட்டுக்கு முன்னால் வந்தது, கொஞ்சம்தான். பிறகு பசித்தது, சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் உங்களிடம் வேலைக்கு வந்தது ஐம்பதுகளின் பிற்பாதியில். ஊர் முழுக்கத் தேர்தல் பேச்சும் மெர்டேக்கா என்ற விடுதலைக் கோஷமுமாக இருந்த காலம். மருத்துவமனைக் குன்றின் பின்பக்கம், உயரமான சன்னல்கள் வைத்த பழைய கட்டடம். மாடியில் நம் ஆய்வுக்கூடம், கீழே எலிக்கூடம். நீங்கள் மூளையின் இரசாயனத்தைப் படித்த ஆராய்ச்சியாளர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தும் வீட்டுப் பேச்சை விடாதவர். நானோ பள்ளி இறுதியான சீனியர் பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த சிராங்கூன் ரோட்டுப் பெண். நம் இருவருக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம். ஆனாலும் முதல் நாளே உங்களை அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். "அக்காவோ? சரி, அக்காவெண்டே கூப்பிடும்" என்றீர்கள்.

எலிகளுக்குத் தீனி வைப்பது, கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவது, தாளைத் தொட்டியில் தொங்கவிடுவது ஆகியவை என் வேலை. எலியின் மூளைச் சாற்றில் ஒரு சொட்டை நீளமான தாளில் வைத்து, தாளைத் தொட்டிக்குள் தொங்கவிட்டால், மறுநாள் காலைக்குள் சாற்றில் கலந்திருந்த பொருள்கள் ஒவ்வொன்றும் தாளில் ஒவ்வொரு உயரத்துக்கு ஏறி நின்றிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதைக் காயவைத்து, வேறொரு மருந்தைத் தெளித்து, சூடு காட்டினால் ஊதா நிறத்தில் பொட்டுப் பொட்டாக எழும்பும். முதன்முதலாக நான் தனியாகச் செய்த தாளில் எங்குமில்லாத அளவுக்கு ஊதாப் பொட்டுகள். சந்தோஷமாக உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். "பிள்ளை, இது எலியின்ரை மூளை இல்லை. உம்மடை விரல்!" வியர்வைக் கையால் தொட்ட இடமெல்லாம் என் ரேகை ஊதாவில் பதிந்திருந்தது.

எந்தப் பொருளைத் தேடுகிறோம் என்று கேட்டேன். மிக நீளமான ஒரு பெயரைச் சொன்னீர்கள். இன்று எல்லாரும் அதைச் சுருக்கிக் காபா என்கிறார்கள். என் பேரன் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டான். அன்றைக்கு அது என்ன செய்கிறது என்பதே சண்டையில் இருந்தது. நீங்கள் எனக்குச் சொன்னது இதுதான்: "மூளையிலை ஒரு நரம்பு இன்னொரு நரம்போடை இரசாயனத்தாலைதான் கதைக்கும். சில இரசாயனம் 'ஓடு' எண்டும். சிலது 'நில்' எண்டும். இது 'நில்' எண்டு சொல்லுற சாமான் எண்டு சில பேர் நினைக்கினம். அது குறைஞ்சால் என்ன நடக்கும்? எல்லாமே ஓடும். அதுதான் வலிப்பு. அப்பிடித்தானோ இல்லையோ எண்டு பாக்கத்தான் நாங்கள் இருக்கிறம்."

வலிப்பு என்ற சொல்லை நீங்கள் சாதாரணமாகச் சொன்னீர்கள், மழை, வெயில் என்பதுபோல. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. "அது" என்போம். "அது வந்திருச்சு." பத்து வயதிலிருந்து எனக்கு அது வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வரும்போதெல்லாம் அம்மா கதவைச் சாத்தி, இரும்புச் சாவிக்கொத்தை என் கையில் திணித்து இறுக்கிப் பிடிப்பார். மந்திரித்துக் கட்டிய தாயத்துகள் மூன்று என் இடுப்பில் இருந்தன. மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையை அம்மா பாதி நாள் கொடுப்பார், பாதி நாள் உடம்புக்குச் சூடு என்று நிறுத்திவிடுவார்.

எலிக்கு வலிப்பு வருவதை நான் முதலில் பார்த்த நாளை உங்களுக்கு அப்போது முழுதாகச் சொன்னதில்லை. நீங்கள் வலிப்பை வரவழைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, வட்டக் கண்ணாடிக் கலத்துக்குள் அதை விட்டீர்கள். கொஞ்ச நேரம் மோப்பம் பிடித்துச் சுற்றியது. பிறகு அசையாமல் நின்றது. காது துடித்தது. திடீரென்று ஒரு பாய்ச்சல், ஓட்டம், பிறகு பக்கவாட்டில் விழுந்து நான்கு காலும் விறைத்து, விறைப்பு உடைந்து வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை நான் பார்த்ததே இல்லை, அக்கா. அது வரும்போது நான் அங்கே இருப்பதில்லை. விழித்தால் அம்மாவின் வெளிறிய முகம், தம்பி மூலையில் ஒடுங்கி நிற்பது, சாத்திய கதவு, இவ்வளவுதான் தெரியும். அந்த முகங்களை வைத்து, நான் ஏதோ பயங்கரமான உருவமாக மாறிவிடுகிறேன் என்றே நினைத்திருந்தேன். இங்கே ஒரு சின்ன வெள்ளை எலி. இழுப்பு நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. பிறகு எழுந்து, முன்னங்கால்கள் இரண்டாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அன்று மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து முழுதாகச் சாப்பிட்டேன்.

எல்லா எலியும் எழுந்துகொள்ளாது என்பதையும் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். வலிப்பு நேரத்தில் மூளையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் அந்தக் கணத்திலேயே அது உறைய வேண்டும். வெள்ளைப் புகை கக்கும் குடுவையில் விழுந்ததை உடனே உறையவைக்கும் திரவக் காற்று இருக்கும். நீங்களே உங்கள் கையால் எலியை அதில் விடுவீர்கள். அந்த வேலையை ஒருநாளும் என்னிடம் தந்ததில்லை. முடிந்ததும் கை கழுவிவிட்டு வந்து, "ஒரு எலியும் வீணாப் போகக்கூடாது. கவனமாச் செய்வம்" என்பீர்கள். எப்போதும் அதே வார்த்தைதான். அதைச் சொல்லாமல் மூளையை நீங்கள் அரைத்ததே இல்லை.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. முற்பகல், நான் தொட்டியருகே குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். நாக்கில் செம்புக் காசை வைத்ததுபோல ஒரு ருசி வந்தது. வெளியே வண்டிச் சத்தம் தூரமாகப் போயிற்று. வரப்போகிறது என்று தெரிந்தது. கதவை நோக்கித் திரும்பியது நினைவிருக்கிறது.

விழித்தபோது தரையில் ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்கடியில் உங்கள் கைப்பை. உள்ளங்கையில் கண்ணாடி கீறிய இடத்தில் சுத்தமான துணி. நீங்கள் என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். நான் கையால் தரையைத் துழாவியிருக்கிறேன்.

"என்ன தேடுறீர்?"

"சாவி…"

"என்ன சாவி?"

"இரும்பு. கையில குடுத்தாத்தான் நிக்கும்."

நீங்கள் யோசித்தீர்கள். கேலி செய்யவில்லை. "கீழை இருக்கிற எலிகளுக்கு ஆர் சாவி குடுத்தது?" என்றீர்கள். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். வேலை போய்விடும் என்றேன். அமிலம் வைத்திருக்கிற அறையில் விழுகிற பெண்ணை யார் வைத்துக்கொள்வார்கள்? நீங்கள் வேறொன்று கேட்டீர்கள். "வர முந்தி உமக்கு ஏதும் தெரியுமோ?"

அதுவரை என்னை யாரும் கேட்டிராத கேள்வி அது. எத்தனை தடவை வருகிறது என்று டாக்டர் கேட்டார். எந்த அமாவாசையில் தொடங்கியது என்று மந்திரிப்பவர் கேட்டார். எனக்கு என்ன தெரியும் என்று எவரும் கேட்கவில்லை. செம்புக் காசைப் பற்றிச் சொன்னேன். சத்தம் விலகுவதைச் சொன்னேன். சில நாள் அந்த ருசி மட்டும் வந்து, வலிப்பு வராமலே போய்விடுவதையும் சொன்னேன். "அப்பிடியெண்டால் அது விழேக்கை தொடங்குறதில்லை. முந்தியே தொடங்கியிட்டுது" என்றீர்கள், எனக்கில்லை, உங்களுக்கே.

பேராசிரியர் வெள்ளைக்காரர், நல்லவர், ஆனால் பயந்தவர். அவரிடம் விஷயத்தைச் சொல்லட்டுமா என்று நீங்கள் கேட்டதற்கு, நானே சொல்கிறேன் என்றேன். அவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அமிலமும் கண்ணாடியும் உள்ள இடத்தில் பொறுப்பேற்க முடியாது, அலுவலகத்தில் வேறு வேலை பார்க்கலாம் என்றார். நான் சரியென்று தலையாட்டிவிட்டேன். நீங்கள் ஆட்டவில்லை.

"கழுவுற வேலை நான் செய்யிறன். தாள் வேலை முழுக்க இவ செய்யட்டும். இவ போனால் எலிகளைப் பாக்க எனக்கு வேறை ஆள் வேண்டாம்" என்று நான் வெளியே வந்தபின் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னதைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னீர்கள். பட்டம் படித்த ஆராய்ச்சியாளர் தானே குடுவை கழுவுவதைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். குடுவை கழுவும் கடுமையான அமிலம் தெறித்து உங்கள் பருத்திச் சேலைகளில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் விழுந்தன. நான் அந்தச் சேலைகளைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். நீங்கள் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பேசப்போனபோது, "இது காத்துப்போற சேலை. சிங்கப்பூர் வெக்கைக்கு நல்லது" என்றீர்கள்.

அந்த வாரமே என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனீர்கள். அம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது அம்மா, "சூடு டாக்டர்" என்றார். நீங்கள் குறுக்கே வந்து, "சூடெண்டால் இளநி குடுங்கோ அம்மா. மாத்திரையை நிப்பாட்டாதேங்கோ" என்றீர்கள். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. அன்றிலிருந்து தேக்கா சந்தையிலிருந்து எனக்கு இளநீர் வந்தது, மாத்திரையும் ஒழுங்காகக் கிடைத்தது. மாதத்துக்கு இரண்டு தடவை வந்தது எப்போதாவது என்று ஆயிற்று.

அப்புறம் சோதனையின் போக்கையே மாற்றினீர்கள். அதுவரை வலிப்பு வந்த எலிகளின் மூளையில் அந்த ஊதாப் பொட்டு மங்கியிருப்பதைத்தான் பார்த்து வந்தோம். வலிப்பினால் குறைந்ததா, குறைந்ததனால் வலிப்பா என்று எப்படித் தெரியும்? இனி வலிப்பு வருவதற்கு முன்னாலேயே பார்ப்போம் என்றீர்கள். ஊசி போட்டு, எலி இன்னும் மோப்பம் பிடித்துத் திரிந்துகொண்டிருக்கும்போதே எடுத்து உறையவைத்தீர்கள். எனக்கு அந்த எலிகள்தான் கஷ்டமாக இருந்தன. விழவுமில்லை, இழுக்கவுமில்லை, ஒன்றும் நடக்காததுபோல இருந்தன. நீங்களும் அந்த நாட்களில் மதியம் சாப்பிடாமல் தேநீர் மட்டும் குடித்தீர்கள்.

தாள் காய்ந்த காலை மழை பெய்துகொண்டிருந்தது. நான் மருந்து தெளித்து, சூடு காட்டி, சன்னலருகே கொண்டுவந்தேன். ஊசி போடாத எலியின் பொட்டு நாவற்பழ நிறத்தில் அழுத்தமாக எழும்பியது. வலிப்பு வந்த எலியின் பொட்டு வெளிறிக் கிடந்தது. நடுவில் இருந்தது, இன்னும் வலிப்பு வராத எலி. நீங்கள் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தீர்கள். அதுவும் வெளிறியிருந்தது.

"முந்தியே குறைஞ்சிட்டுது" என்றீர்கள்.

"அப்ப எனக்கு நாக்குல காசு ருசிக்கிறப்பவே…"

"பொறும், பொறும். இது நாங்கள் மருந்து குடுத்து வரவழைச்ச வலிப்பு. உமக்கு வாறது வேறையாய் இருக்கலாம். ரெண்டும் ஒண்டெண்டு நான் சொல்லமாட்டன்." அப்படிச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். உங்கள் விரலும் ஊதா, என் விரலும் ஊதா. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம், அப்படியேதான் வந்தது. சில மாதம் கழித்து வந்த வெளிநாட்டுச் சஞ்சிகையில் வேறு யாரோ இதே போக்கில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் சோர்ந்துபோனேன். உங்களுக்குச் சோர்வே இல்லை. "நல்லதுதானே. நாங்கள் கண்டது பொய்யில்லை எண்டு தெரிஞ்சுபோச்சு" என்றீர்கள்.

அடுத்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். சாங்கியில் வெள்ளைக்காரர்களின் விமானத் தளத்தில் சாமான் கிடங்குக் கிளார்க். நல்ல குடும்பம். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "வாயத் திறக்காத. கல்யாணம் ஆயிட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். நான் உங்களிடம் வந்து கேட்டேன். நீங்கள் என்ன செய்யச் சொல்லப்போகிறீர்கள் என்று எதிர்பார்த்து நின்றேன். "இது நான் சொல்லுற விஷயமில்லை. ஆனால் நீர் கூப்பிட்டால் நான் வந்து பக்கத்திலை இருப்பன்" என்றீர்கள். வந்தீர்கள். ஓட்டையில்லாத பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தீர்கள்.

காப்பித் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போகாமல் நின்றேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "எனக்கு வலிப்பு உண்டுங்க. மாத்திரை சாப்பிடுறேன். இப்ப குறைஞ்சிருக்கு. முழுசா நிக்கும்னு யாரும் சொல்லல" என்றேன். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டு, "நாங்க அப்புறம் சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார். மாப்பிள்ளை போகும்போது திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அன்று முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. நீங்கள் மட்டும் ஆறிப்போன பஜ்ஜிகளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டபடி, "நல்ல பஜ்ஜி" என்றீர்கள்.

அவர் ஒரு சனிக்கிழமை முற்பகலில் ஆய்வுக்கூடத்துக்கே வந்து நின்றார். சாங்கியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இது என்ன வியாதின்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. இங்க இதைப் பத்தித்தான் படிக்கிறாங்கன்னு சொன்னாங்க" என்றார். நீங்கள் அவரை உட்கார வைத்து, 'ஓடு' என்பதையும் 'நில்' என்பதையும் சொன்னீர்கள். ஊதாப் பொட்டுத் தாள்களை எடுத்துக் காட்டினீர்கள். அன்று சோதனை இருந்தது. அவர் பார்க்க வேண்டும் என்றார். என்னைக் கேட்டீர்கள். நான் சரியென்றேன்.

எலி விழுந்து இழுக்கத் தொடங்கியபோது அவர் பின்வாங்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அது ஓய்ந்ததும் உங்களைப் பார்த்து, "அதுக்கு வலிக்குங்களா?" என்று கேட்டார்.

"எலியிட்டை நான் கேக்கேலாது. அதை அவவைக் கேளுங்கோ" என்று என்னைக் காட்டிவிட்டு, நீங்கள் கழுவுகிற தொட்டிப் பக்கம் போய்விட்டீர்கள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அந்த நேரம் வலிக்காது. நான் அங்க இருக்கமாட்டேன். முழிச்சப்புறம் உடம்பு வலிக்கும், அது ஒரு நாள்ல போயிடும். சுத்தி இருக்கிறவங்க முகத்தைப் பார்க்கிறதுதான் வலிக்கும்."

அவர் கொஞ்ச நேரம் எலியைப் பார்த்தார். எலி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. "அப்படின்னா முகத்தை மாத்திக்காம இருக்கக் கத்துக்கணும்" என்றார். தொட்டியில் நீங்கள் குழாயைத் திறந்துவிட்டுக் குடுவையில்லாமலே வெறும் கையைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். எனக்குத் தெரியும், நான் பார்த்தேன்.

தன் அம்மாவைச் சம்மதிக்க வைக்க அவருக்கு ஒரு வருஷம் ஆயிற்று. பிறகு அதே மாமியார்தான் விடிந்ததும் சமையலறையிலிருந்து, "மாத்திரை போட்டியா?" என்று கத்துகிறவரானார். சாகும்வரை கத்தினார். கல்யாணமாகி முதன்முதலில் எனக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விழித்தபோது அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். "எழுந்துட்டியா? டீ போடவா?" என்றார். முகம் மாறவில்லை. பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை நான் சொல்லவில்லை. உங்களிடம் மட்டும் மறுநாள் சொன்னேன். சிரித்துச் சிரித்து நாம் இருவரும் அன்று வேலையே செய்யவில்லை.

எனக்கு மகன் பிறந்தபோதும், பிறகு மகள் பிறந்தபோதும் நீங்கள்தான் டாக்டர்களோடு உட்கார்ந்து மாத்திரையைப் பற்றி விவாதித்தீர்கள். அறுபதுகளின் நடுவில், ஊர் தனி நாடாகி எல்லாரும் அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், பெர்த்தில் உங்களுக்கு வேலை கிடைத்தது. புதிய ஆய்வுக்கூடம், புதிய கருவிகள். "அங்கை குடுவை கழுவ ஒரு மெசின் இருக்காம்" என்று என்னிடம் ரகசியம்போலச் சொன்னீர்கள்.

உங்களை வழியனுப்பச் சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் மதிய விருந்து வைத்தோம். பேராசிரியர்கூட வாழையிலையில் கையால் சாப்பிட்டார். முடிந்ததும் படம் எடுப்பவர் எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னார். நான் வழக்கம்போல வரிசையின் கடைசியில், படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன். கோயிலோ, கல்யாணமோ, பேருந்தோ, எங்கே போனாலும் நான் வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். வந்துவிட்டால் யார் கண்ணிலும் படாமல் ஓடிவிடலாம் என்று சின்ன வயதில் பழகிய பழக்கம். அது பழக்கம் என்றே எனக்குத் தெரியாது. நீங்கள் வரிசையை விட்டு வெளியே வந்து என் முழங்கையைப் பிடித்தீர்கள்.

"ஏன் எப்ப பாத்தாலும் ஓரத்திலை நிக்கிறீர்?"

"சும்மாதான் அக்கா."

"வந்தால் வரட்டும். இஞ்சை இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நடுவுக்கு வாரும்."

பேராசிரியருக்கும் உங்களுக்கும் நடுவில் என்னை நிறுத்தினீர்கள். படம் எடுத்து முடியும்வரை முழங்கையை விடவில்லை.

அதன் பிறகு நீங்கள் இரண்டு தடவைதான் ஊருக்கு வந்தீர்கள். கடிதங்கள் வந்தன, பிறகு தொலைபேசி, கடைசி வருஷங்களில் உங்கள் குரல் மெலிந்துவிட்டது. ஆனால் முதல் கேள்வி எப்போதும் எலிகளைப் பற்றி நான் ஏதாவது பத்திரிகையில் படித்தேனா என்பதுதான். எனக்கு வலிப்பு வந்து பல வருஷமாயிற்று. மாத்திரை மட்டும் தொடர்கிறது. இவர் இப்போது காது சரியாகக் கேட்காமல் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சியை அலறவிட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் போன செய்தியைக் காதருகே போய்ச் சொன்னபோது, "எலி அம்மாவா?" என்று கேட்டுவிட்டு, தொலைக்காட்சியை அணைத்தார்.

உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்தவை நிறைய. பெரும்பாலானவற்றை நான் யோசிப்பதில்லை, அவை என் நாளோடு கலந்துவிட்டன. ஒன்றை மட்டும் இன்னும் ஒவ்வொரு முறையும் தெரிந்தே செய்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். கூட்டம். வாசலருகே காலி நாற்காலி இருந்தது. யாரோ எழுந்து, "பாட்டி, இங்கேயே உட்காருங்க, போக வர வசதி" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடு வரிசையின் நடு நாற்காலியைப் பார்த்து நடந்தேன். அதற்குப் போக வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் முழங்காலை ஒதுக்க வேண்டியிருந்தது. ஒதுக்கினார்கள். போய் உட்கார்ந்தேன்.